பெரிய நாவலை முடித்தவர்களே, உங்கள் கையில் என்ன மிஞ்சியது?

பாதியில் மூடி வைத்த தடித்த நாவல் ஒன்றாவது எல்லார் அலமாரியிலும் இருக்கும். என்னிடம் இருந்தது டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்', டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கம். இரண்டு தடவை பாதியில் விட்டு மூன்றாம் தடவை முடித்தேன். அதைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு நீங்களும் சொல்லுங்கள்.

முதல் தடவை என்னைத் துரத்தியது பெயர்கள்தான். 1805-ஆம் வருஷம் ஜூலை மாதம், ஒரு சீமாட்டி வீட்டு விருந்தில் கதை தொடங்குகிறது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே ஆளை ஒருத்தர் குடும்பப் பெயரால் கூப்பிடுகிறார், இன்னொருத்தர் செல்லப் பெயரால் கூப்பிடுகிறார், மூன்றாமவர் வேறு எதுவோ சொல்கிறார். அறுபது பக்கத்தில் மூடிவிட்டேன். இரண்டாம் தடவை முதல் யுத்தம் வரைக்கும் போனேன். படைகள் நகர்ந்துகொண்டே இருந்தன, என் கவனம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது.

மூன்றாம் தடவை எடுத்தது என் அம்மா படுக்கையில் இருந்தபோது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மாத்திரை, மூன்று மணிக்கு ஒன்று. நடுவில் தூங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம். போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. எட்டும் தூரத்தில் இருந்த புத்தகம் இதுதான்.

இந்தத் தடவை பழைய நோட்டின் கடைசித் தாளில் குடும்பம் குடும்பமாகப் பெயர்களை எழுதி வைத்தேன். எழுதும்போதுதான் ஒன்று பிடிபட்டது. ஆந்திரே நிகோலாயெவிச், அவன் தங்கை மரியா நிகோலாயெவ்னா. பெயருக்குப் பின்னால் வருவது அப்பா பெயர், நிகோலாய். மகனுக்கு ஒரு விகுதி, மகளுக்கு ஒரு விகுதி. இது தெரிந்ததும் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மகள் என்று பெயரே சொல்லிவிடும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ வருஷம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ராத்திரி அம்மா, "அப்படி என்ன படிக்கிற?" என்றார். கதையைச் சொன்னேன். மறுநாள் ராத்திரி, "அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு?" என்றார். நடாஷாவைத்தான் கேட்டார். அதிலிருந்து தினமும் படித்ததைச் சொல்வதும், நல்ல இடம் வந்தால் மெதுவாக வாசித்துக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

நடாஷாவுக்கும் ஆந்திரேக்கும் நிச்சயம் ஆகிறது. ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அவன் அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். அவன் வெளிநாடு போய்விடுகிறான். அந்த இடைவெளியில்தான் அனதோல் வருகிறான். அழகன், ஏற்கெனவே ரகசியமாகக் கல்யாணம் ஆனவன், அவளைக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிறான். அம்மாவுக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. "அவகிட்ட யாராச்சும் சொல்லுங்களேன்" என்று தலையணையில் இருந்தபடியே பதறினார். ஓட்டம் தடுக்கப்படுகிறது, நிச்சயமோ முறிந்துவிடுகிறது. ஆந்திரே அவனைத் தீர்த்துக்கட்டத் தேடி அலைகிறான், ஆள் சிக்கவில்லை. நாங்களும்தான் தேடினோம். ஒவ்வொரு ராத்திரியும் அம்மா கேட்பார்: "அவன் மாட்டினானா?"

மூன்று வாரம் ஓடியது. நடுவில் 1812 வந்துவிட்டது, நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்துவிட்டான், அனதோலை நானே கொஞ்சம் மறந்திருந்தேன். போரதினோ போரில் ஆந்திரேக்கு வயிற்றில் காயம். சிகிச்சைக் கூடாரத்தில் கிடத்துகிறார்கள். பக்கத்து மேசையில் ஒருவனுக்குக் காலை வெட்டி எடுக்கிறார்கள். அவன் குழந்தை மாதிரி விம்முகிறான். இவனை எங்கோ பார்த்திருக்கிறோமே, நம் வாழ்க்கையோடு நெருக்கமாக ஏதோ இருக்கிறதே என்று ஆந்திரே யோசிக்கிறான். எனக்கும் அதே யோசனைதான். பிறகு தெரிகிறது, அனதோல்.

அதை வாசித்துவிட்டு நிறுத்தினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காலை எடுத்துட்டாங்களா?" என்றார். "ஆமாம்மா." "பாவம்டி" என்றார்.

புத்தகத்திலும் ஆந்திரே அழத்தான் செய்கிறான். ஆனால் அதை நான் வாசிக்கும் முன்னாலேயே அம்மா அங்கே போய்விட்டார். மூன்று வாரம் வெறுத்த ஆளுக்காக. இதே சம்பவத்தை யாராவது சுருக்கிச் சொல்லியிருந்தால், 'எதிரியை மன்னித்தான்' என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். அந்த வரி எங்களை ஒன்றும் செய்திருக்காது. மூன்று வாரக் கோபம் எங்களுடைய சொந்தக் கோபம். அது கரைய அத்தனை நூறு பக்கம் வேண்டியிருந்தது. நாவலின் நீளம் எதற்கு என்று எனக்கு அந்த ராத்திரிதான் விளங்கியது.

மொத்தம் 361 அத்தியாயம், பெரும்பாலும் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். தினம் ஒன்று என்று வைத்தால்கூட ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். பின்னுரையின் இரண்டாம் பகுதி முழுக்க வரலாறு எப்படி நகர்கிறது என்ற வாதம். அதைக் கடைசியில் தனியாக உட்கார்ந்து படித்தேன், அம்மாவுக்கு வாசிக்கவில்லை. இப்போது உங்கள் முறை.

* * *

அக்கா, உங்கள் அம்மா சொன்ன "பாவம்டி" மனசுக்குள் நின்றுவிட்டது. என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. நான் கடந்தது ஆட்களே இல்லாத பக்கங்களை.

'மோபி டிக்', ஹெர்மன் மெல்வில் எழுதியது, 1851-இல் வந்தது. ஆகாப் என்ற கப்பல் தலைவன் தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்துகிறான். கதை இவ்வளவுதான் என்று நினைத்துப் போனேன். 135 அத்தியாயத்தில் அந்தத் திமிங்கிலம் கண்ணில் படுவது கடைசி மூன்றில்தான். நடுவில் திமிங்கில வகைகள், தலை எலும்பு, வால், எண்ணெய் காய்ச்சும் உலை என்று போய்க்கொண்டே இருக்கும். முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் திமிங்கிலங்களைப் புத்தகங்களைப் போல அளவு வாரியாகப் பிரித்து அடுக்குகிறார். பல பேர் விட்டுவிடுவது அங்கேதான். நானும் ஒரு தடவை விட்டேன்.

மறுபடி எடுத்தபோது அறுபதாம் அத்தியாயம் வந்தது. முழுக்க ஒரு கயிற்றைப் பற்றி. ஈட்டியில் கட்டிய கயிறு. முக்கால் அங்குலம்கூடக் கனம் இல்லை, நீளமோ 200 பாகத்துக்கு மேல் (ஒரு பாகம் ஆறு அடி). அதைத் தொட்டிக்குள் எப்படிச் சுற்றி வைக்க வேண்டும், ஒரு முறுக்கு விழுந்தாலும் என்ன ஆகும், துடுப்புப் போடுகிறவர்களின் கைகளுக்கு நடுவே அது எப்படி வளைந்து வளைந்து ஓடுகிறது என்று விரிவாகச் சொல்கிறார். ஈட்டி பாய்ந்ததும் கயிறு சீறிக்கொண்டு ஓடும். அப்போது யாருடைய கை, யாருடைய கழுத்து குறுக்கே இருக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது. அன்றைக்கு, தொழில் நுணுக்கம் தெரிந்த மனுஷன், நன்றாகச் சொல்கிறார் என்று நினைத்துக் கடந்துபோனேன்.

கடைசி அத்தியாயத்தில் ஆகாப் ஈட்டியை எறிகிறான். கயிறு சிக்குகிறது. குனிந்து சிக்கலை எடுக்கிறான், எடுத்தும்விடுகிறான். ஓடும் சுருள் கழுத்தில் விழுந்து அவனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சத்தமே இல்லை. ஆள் போனது கூட இருந்தவர்களுக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அத்தனை பெரிய மனிதனின் சாவு சில வரிதான்.

அதற்கு விளக்கம் ஒன்றும் இல்லை, தேவையும் இல்லை. எழுபத்தைந்து அத்தியாயத்துக்கு முன்னால் அந்தக் கயிறு என் கைக்குள் ஓடியிருக்கிறது. அதன் கனம், வேகம், சுருள் எல்லாம் எனக்குத் தெரியும். அறுபதாம் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்திருந்தால் ஆகாப் ஏதோ விபத்தில் செத்தான் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பேன். அதனால் இப்போதெல்லாம் பெரிய நாவலில் ஒரு இடம் இழுவையாக இருந்தால் பக்கத்தைத் தள்ளுவதில்லை, மெதுவாகப் போகிறேன்.

* * *

நான் முடிக்காதவன், ஆனாலும் சொல்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்டின் 'இழந்த காலத்தைத் தேடி', ஏழு பாகப் பெருநாவல், 1913 தொடங்கி 1927 வரைக்கும் வெளிவந்தது. கடைசி மூன்று பாகம் அவர் 1922-இல் இறந்த பிறகுதான் அச்சில் வந்தன. நான் இரண்டு பாகம் படித்திருக்கிறேன், அதற்கே இரண்டு வருஷம் ஆனது. ஒரு வாக்கியம் பக்கம் முழுக்க ஓடும். முதலில் மூச்சு முட்டியது. வாய்விட்டுப் படித்ததும் சரியாகிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்று காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

அம்மா வந்து முத்தம் தருவாரா மாட்டாரா என்று ஒரு சிறுவன் படுக்கையில் காத்திருக்கும் ராத்திரி ஒன்று அதில் வருகிறது. அதைப் படித்த பிறகு என் மகன் "இன்னும் கொஞ்ச நேரம் உட்காருப்பா" என்றால் நான் எழுந்து போவதில்லை. மிச்சம் ஐந்து பாகம் இருக்கிறது, வரட்டும்.

* * *

எல்லாருக்கும் நன்றி. கயிறு பற்றி எழுதிய தம்பி, அந்தப் புத்தகத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். எத்தனையாவது பக்கத்தில் பிடிபடும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எனக்கு நூற்றைம்பதைத் தாண்டித்தான் பிடிபட்டது. அதுவரை பெயர்த்தாள் பக்கத்திலேயே இருந்தது. அப்புறம் அதைப் பார்க்கவே தோன்றவில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இப்போது எழுந்து நடக்கிறார். போன வாரம் சமையலறை வாசலில் நின்றுகொண்டு திடீரென்று, "அந்த நாய் என்னாச்சு?" என்றார். எனக்குப் புரியவில்லை. "அந்தக் கிழவன் பின்னாடியே போகுமே" என்றார். பிளாத்தோன் கராத்தாயெவ். 'போரும் வாழ்வும்' நாவலின் இன்னொரு முக்கிய ஆள் பியர். பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாகச் சிக்கிய அவனுக்குக் கைதிகள் கொட்டகையில் கிடைத்த துணை இந்தக் கிழவர். கைதிகளை நடத்திக் கூட்டிப்போகும்போது அவரால் நடக்க முடியாமல் போகிறது, சுட்டுவிடுகிறார்கள்.

புத்தகத்தைத் தேடி எடுத்து அந்த இடத்தைப் புரட்டினேன். துப்பாக்கிச் சத்தம். பின்னால் நாய் ஊளையிடுகிறது. பியர் திரும்பிப் பார்க்கவில்லை. கூட நடக்கிறவர்களும் பார்க்கவில்லை.

"பியர்கூடத் திரும்பலையா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"திரும்பியிருந்தா அவனால நடந்திருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கு முன்னாடியிருந்து வாசி."