புதுப்பிப்பு: சிவப்புத் துண்டின் சாயம் ஏறிய வெள்ளை வேட்டி

வாஷிங் மெஷினில் சிவப்புத் துண்டோடு போட்டு ரோஸ் நிறமான பருத்தி வேட்டியை மீண்டும் வெள்ளையாக்குவது எப்படி என்று கேட்ட பதிவின் தொடர்ச்சி இது. சாயம் போய்விட்டது, கரையோரத்தில் மட்டும் மெல்லிய நிழல்.

வேலை செய்தது ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் பொடி. 5 லிட்டர் வெந்நீருக்கு (50 டிகிரி, கை சுடும் அளவு) 40 கிராம். முதலில் பொடியை முழுக்கக் கரைத்துவிட்டு, துணி மூழ்கும்படி 6 மணி நேரம். அதற்குமேல் பொடிக்கு வீரியம் இராது; நிறம் மிச்சமிருந்தால் புதுக் கரைசல்தான். வாளியை இறுக்கி மூடாதீர்கள், வாயு சேரும்.

போர் தண்ணீர் வேண்டாம், மெட்ரோ வாட்டர் எடுங்கள். இரும்பு கலந்த நீரில் பிளீச் பழுப்புப் புள்ளி விடும். ஜரிகைக் கரையைச் சுருட்டி வெளியே வையுங்கள். பட்டு, கம்பளிக்கு இந்த முறையே கூடாது.

அந்தப் பதிவில் பலர் சொன்ன உப்பும் வினிகரும் பருத்தியில் ஏறிய சாயத்தை எடுக்காது. சாயம் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், மொட்டைமாடி வெயிலிலும் காயவிடாதீர்கள். காய்ந்த சாயம் லேசில் விடாது.