ஹியூமன் ஃபேக்டர்ஸ் ஹசார்ட் ரிஜிஸ்டர்ல உண்மையிலேயே என்ன எழுதறது?

ஹேங்கர்பூனை:
வணக்கம் மக்களே. விமான பேஸ் மெயின்டனன்ஸ்ல (ஹேங்கர்ல வெச்சுப் பண்ற பெரிய பராமரிப்பு) லைசென்ஸ் வெச்சு வேலை பாத்துட்டு இருந்தவன், இப்ப சேஃப்டி டீம்ல தூக்கிப் போட்டுட்டாங்க. முதல் வேலையே ஹியூமன் ஃபேக்டர்ஸ் ஹசார்ட் ரிஜிஸ்டர, அதாவது மனுஷத் தவறு எங்க எப்படி வரலாம்னு எழுதி வெக்கற பதிவேட்ட, ரிவைஸ் பண்றதுதான். பழசத் திறந்து பாத்தா ஃபட்டீக் (சோர்வு), ஸ்ட்ரெஸ், கவனச்சிதறல், கம்யூனிகேஷன் குறைவுன்னு டர்ட்டி டஸன்ங்கிற மனுஷத் தவறுக்கான பன்னெண்டு காரணத்தையும் அப்படியே இறக்கி வெச்சிருக்காங்க, எதிர்ல மிட்டிகேஷன் (ஆபத்தக் குறைக்கற வழி) கட்டத்துல பன்னெண்டு தடவையும் "பயிற்சி அளிக்கப்படும்", ரிஸ்க் எல்லாத்துக்கும் மீடியம். ஆடிட்ல இதுவரைக்கும் யாரும் கேள்வி கேக்கல, ஆனா இத வெச்சு ஹேங்கர்ல ஒரு ஆணியும் புடுங்க முடியாதுன்னு எனக்கே தெரியுது. உருப்படியா எழுதணும்னா எங்கருந்து ஆரம்பிக்கறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டார்க்ரெஞ்ச்:
டர்ட்டி டஸன் தப்பில்ல சார், 1993ல ட்ரான்ஸ்போர்ட் கனடாவுல இருந்த கார்டன் டூபான்ட் போட்டது, கிளாஸ்ல பேசறதுக்கு நல்லா உதவும். ஆனா அது மனுஷன் ஏன் சறுக்கறான்ங்கிற பட்டியல், உங்க ஹேங்கர்ல எங்க சறுக்குவான்னு அதுல இருக்காது. வெறும் "ஃபட்டீக்"னு எழுதினா அத யாரும் போய்ப் பாக்க முடியாது, குறைக்கவும் முடியாது. எந்த வேலை, எத்தன மணிக்கு, எந்த ஸ்டாண்ட் மேல நின்னு, பார்ட் எங்கருந்து வருது, இதெல்லாம் ஒரே என்ட்ரில வரணும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஃப்ளைட் 5390 எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, 1990 ஜூன் 10, பர்மிங்ஹாம்லருந்து கெளம்பின பிஏசி ஒன்-இலெவன், 17,300 அடில காக்பிட் இடது பக்க விண்ட்ஸ்க்ரீன் பிச்சிக்கிட்டுப் போச்சு, கேப்டன் பாதி உடம்பு வெளிய, எப்படியோ பொழச்சாரு. சுமார் 27 மணி நேரம் முன்னாடி கண்ணாடி மாத்தினப்ப போட்ட 90 போல்ட்ல 84, விட்டம் 0.026 அங்குலம் கம்மி. எல்லாரும் இதோட கதைய நிறுத்திடுவாங்க, விஷயம் அதுக்கு முன்னாடி இருக்கு. ஆள் பத்தலன்னு ஷிஃப்ட் மேனேஜரே வேலைய எடுத்துக்கிட்டாரு, நேரம் விடியக்காலை. கழட்டின போல்ட்டக் கையில வெச்சு கண்ணால ஒப்பிட்டுத்தான் புதுச எடுத்தாரு. ஸ்டோர்ஸ்ல இருந்தவர் சரியான பார்ட் நம்பரச் சொல்லியும் பழசு மாதிரியே போட்டாப் போதும்னு போயிட்டாரு, ஸ்டாக் பத்தலன்னதும் இன்னொரு எடத்துல, வெளிச்சம் சரியில்லாத, கன்ட்ரோல் இல்லாத ட்ரேயிலருந்து எடுத்தாரு. இதுல வேடிக்கை என்னன்னா கழட்டின போல்ட்ல பெரும்பாலானது ஏற்கனவே தப்பு சைஸ், அதுலயே வருஷக்கணக்கா பறந்திருக்கு. ஸ்டாண்ட் வெச்ச எடத்துலருந்து போல்ட் தலை குழில சரியா உக்காரலங்கிறது கண்ணுக்குத் தெரியல. விண்ட்ஸ்க்ரீன் வைட்டல் பாயின்ட் லிஸ்ட்ல (ரெண்டாவது ஆளும் கட்டாயம் செக் பண்ண வேண்டிய எடங்கள்) இல்லாததால ரெண்டாவது ஆள் பாக்கவும் இல்ல.

இத "கவனக்குறைவு"ன்னு ஒத்த வார்த்தைல அடைச்சா என்ன மிட்டிகேஷன் எழுதுவீங்க? அதே பயிற்சிதான். இப்படி எழுதிப் பாருங்க: "நைட் ஷிஃப்ட்ல, வெளிச்சம் கம்மியான லூஸ் ஸ்டாக் ட்ரேயிலருந்து, ஐபிசி (எந்த எடத்துக்கு எந்த பார்ட்னு படத்தோட காட்டற கேட்டலாக்) பாக்காம பழைய ஃபாஸ்ட்னரோட ஒப்பிட்டுப் புதுசு எடுக்க வாய்ப்பு." எழுதின உடனே செய்ய வேண்டியது தன்னாலயே வரும்: ட்ரேக்கு மேல லைட், லேபிள், வேலை நடக்கற எடத்துலயே ஐபிசி பாக்க டெர்மினல், ஸ்டாக் தீந்தா யாருக்கு ஃபோன் பண்ணணும்ங்கிறது. பயிற்சி கடைசில வரட்டும்.

ஸ்டோர்ஸ்வாசல்:
நல்லா இருக்கு, ஆனா ப்ரோ, இந்த மாதிரி என்ட்ரி எழுத தகவல் வேணுமே, யார் குடுப்பா? ரிப்போர்ட் பண்ணவன முதல்ல கூப்டு விசாரிக்கற எடத்துல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். நான் பாத்த ஒரு கம்பெனில சுவர் பூரா ஜஸ்ட் கல்ச்சர் (நேர்மையா தப்ப ஒத்துக்கிட்டா தண்டிக்க மாட்டோம்ங்கிற கொள்கை) போஸ்டர், கீழயே "பிழைக்குப் பொறுப்பானவர் பெயர்"னு ஒரு கட்டத்தோட ரிப்போர்ட் ஃபார்ம். அந்தக் கட்டத்த எடுங்க, அப்புறம் ரிஜிஸ்டரப் பாக்கலாம்.

ஹேங்கர்பூனை:
@ஸ்டோர்ஸ்வாசல் எங்க ஃபார்ம்லயும் அந்தக் கட்டம் இருக்கு சார் 😐 நாளைக்கே பேசறேன். ஷிஃப்ட் ஹேண்டோவர் (அடுத்த ஷிஃப்ட்கிட்ட வேலைய ஒப்படைக்கறது) பத்தியும் யாராவது சொல்லுங்களேன், இங்க காபி மெஷின் பக்கத்துல நின்னுதான் பாதி ஹேண்டோவர் நடக்குது.

ரிவெட்ராணி:
ஹேண்டோவர்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574. 1991 செப்டம்பர் 11, டெக்சாஸ், ஈகிள் லேக் பக்கம், எம்ப்ரேயர் 120, 14 பேரும் போயிட்டாங்க. முந்தின ராத்திரி டீஐஸ் பூட் (பனிய உடைக்கற ரப்பர் உறை) மாத்தற வேலை, ஹரிசான்டல் ஸ்டெபிலைசர் (வால்ல இருக்கற கிடைமட்ட இறக்கை) இடது பக்க லீடிங் எட்ஜ்ல (முன் விளிம்பு) மேல் வரிசை 47 ஸ்க்ரூவக் கழட்டிட்டாங்க, ஷிஃப்ட் மாறுது, அடுத்து வந்தவங்க வலது பக்கத்த முடிச்சுட்டு ஃப்ளைட்ட விட்டுட்டாங்க. இடது பக்கம் கழட்டின தகவல் அவங்களுக்குச் சேரவே இல்ல. அது டி-டெயில், அந்த இறக்கை வாலோட உச்சில இருக்கும், மேல் பரப்பு கீழ நிக்கற ஆளுக்குத் தெரியாது, அதுவும் ராத்திரி.

இங்க கவனிக்க வேண்டியது, கழட்டற வேலைக்கு டாஸ்க் கார்டுல (வேலையோட ஸ்டெப் எழுதி கையெழுத்துப் போடற தாள்) தனி ஸ்டெப் இல்லன்னா பாதில நிக்கற வேலை எங்கயும் எழுத்துல இருக்காது. "பூட் மாத்து, சைன் பண்ணு"ன்னு ஒரே வரி, முடிஞ்சாத்தான் கையெழுத்து, அதுவரைக்கும் தகவல் எல்லாம் ஒருத்தர் மண்டைக்குள்ளதான். அதனால ஹேண்டோவர் ஃபார்ம அழகு பண்றதுக்கு முன்னாடி பெரிய கார்டுகளப் பிரிங்க: கழட்டியாச்சு, எந்தப் பக்கம், எத்தன, சைன். கழட்டின ஸ்க்ரூ டேக் போட்ட பையில அந்த எடத்துலயே தொங்கட்டும். ரெண்டு ஷிஃப்ட்டும் ஒரு அரை மணி நேரமாவது ஓவர்லாப் ஆகணும், லீட் ரெண்டு பேரும் ஃப்ளைட்டுகிட்டயே நின்னு பேசணும், ஆஃபீஸ்ல இல்ல. மாட்டற வேலைதான் எப்பவும் ஆபத்து. ஒரு போல்ட்ல எட்டு நட்டு இருந்தா கழட்ட ஒரே வரிசைதான், திருப்பிப் போட 40,320 வரிசை, சரியானது ஒண்ணே ஒண்ணு.

அப்புறம் ஒரே ஆள் ஒரே ராத்திரில ரெண்டு எஞ்சினையும் தொடறது தனி என்ட்ரியா கட்டாயம் வரணும். 1983 மே 5, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் 855, எல்-1011, மூணு எஞ்சின்லயும் சிப் டிடெக்டர்ல (ஆயில்ல உலோகத் துகள் இருக்கான்னு பாக்கற பிளக்) ஓ-ரிங்ங்கிற ரப்பர் சீல் இல்ல, மூணுலயும் ஆயில் கசிஞ்சு போச்சு. 1995 பிப்ரவரில பிரிட்டிஷ் மிட்லண்ட் 737-400, ராத்திரி ரெண்டு எஞ்சினுக்கும் போரஸ்கோப் (உள்ள விட்டுப் பாக்கற கருவி) வெச்சுப் பாத்துட்டு ரோட்டர் டிரைவ் கவர் ரெண்டும் போடல, லூட்டன்ல இறக்கினாங்க. ரெண்டுலயும் உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம்தான். பிரிச்சுக் குடுக்க ஆள் இல்லன்னா ரெண்டாவது எஞ்சின இன்னொரு நாள் பண்ணுங்க, அதுவும் முடியாதுன்னா தனியா இன்னொருத்தர் செக் பண்ணி, ரன்-அப் போட்டு (எஞ்சின தரைலயே ஓட விட்டு) லீக் பாக்காம ரிலீஸ் பண்ணாதீங்க.

ஹேங்கர்பூனை:
@ரிவெட்ராணி அக்கா, ரொம்ப நன்றி. ஃபட்டீக் மட்டும் இன்னும் புடிபடல. நைட் ஷிஃப்ட்ட நிறுத்தவே முடியாது, ஃப்ளைட் ராத்திரிதானே கையில கெடைக்குது.

டார்க்ரெஞ்ச்:
நிறுத்த வேணாம், வேலைய நகத்துங்க. ராத்திரி ரெண்டுலருந்து ஆறு வரைக்கும் உடம்பு எப்படியும் படுத்துக்கப் பாக்கும், எத்தன காபி குடிச்சாலும். அந்த நேரத்துல ஃப்ளைட் கன்ட்ரோல் ரிக்கிங் (கன்ட்ரோல்கள சரியான அளவுக்கு செட் பண்றது), க்ராக் இன்ஸ்பெக்ஷன் மாதிரி வேலை விழாம பிளானிங்ல பாத்துக்கணும். ஈயாசாவோட (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) பராமரிப்பு நிறுவன விதியான பார்ட் 145ல 145.ஏ.47ங்கிற பாயின்ட்லயே வேலை பிளான் பண்ணும்போது மனுஷனோட லிமிட்ட கணக்குல எடுக்கணும்னு இருக்கு, அதனால இது சேஃப்டி டீம் பிரச்சனை மட்டும் இல்ல, பிளானிங் ஆளையும் மீட்டிங்ல உக்கார வைங்க. இன்ஸ்பெக்டர் மணிக்கணக்கா ஒரே ரிவெட் வரிசையப் பாத்துட்டே இருந்தா கண்ணு பாக்கும், மூளை பாக்காது, நடுவுல மாத்தி விடுங்க. என்ட்ரியா எழுதணும்னா, "சி செக்ல (பெரிய பராமரிப்பு செக்) லேப் ஜாயின்ட் (ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு சேர்ற எடம்) இன்ஸ்பெக்ஷன் விடியக்காலை ஸ்லாட்ல, ஒரே ஆள், இடைவெளி இல்லாம." இதப் பாத்துட்டு யாரும் மீடியம்னு போட மாட்டாங்க.

ஸ்டோர்ஸ்வாசல்:
பிளானிங் ஆள் "அப்ப ஏஓஜி (ஃப்ளைட் பறக்க முடியாம தரைலயே நிக்கறது) ஆனா நீ வந்து பதில் சொல்லுவியா"ன்னு கேப்பாரு, ரெடியா இருங்க 😀

ஹேங்கர்பூனை:
கேக்கட்டும் சார். அந்த மீட்டிங்கயே நைட் ஷிஃப்ட் நடுவுல, மூணு மணிக்கு, ஹேங்கர்லயே வெச்சுடறேன்.