நானோகுழாய் சேர்த்த எபாக்சியில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை குறைவது ஏன்?

கேள்வி – ஆய்வு மாணவி

வணக்கம். எபாக்சி என்னும் கெட்டியாகும் பிசினில் எடையளவில் 0.5 விழுக்காடு பலசுவர் கார்பன் நானோகுழாய்களைக் கலந்து வார்த்த தகடுகளை டி.எம்.ஏ. கருவியில் (பொருளை அதிரவைத்தபடி சூடாக்கி அதன் விறைப்பையும் ஆற்றல் விரயத்தையும் அளப்பது) 1 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சோதித்தேன். குழாய்களை அசிட்டோனில் மீயொலி கொண்டு பிரித்து, பிசினோடு கலந்து, அசிட்டோனை ஆவியாக்கிய பிறகே பிசினைக் கெட்டியாக்கும் அமீன் ஹார்டனரைச் சேர்த்தேன். ஒப்பீட்டுக்கான தூய எபாக்சியை அசிட்டோன் இல்லாமல் நேரடியாக வார்த்தேன். அறை வெப்பநிலையில் சேமிப்புக் குணகம் (விறைப்பின் அளவு) சிறிதளவே கூடியிருக்கிறது. ஆனால், டேன் டெல்டா (விரயமாகும் ஆற்றலுக்கும் சேமிக்கப்படும் ஆற்றலுக்குமான விகிதம்) உச்சியிலிருந்து கணித்த கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது விறைப்பான பிசின் ரப்பர் போல இளகும் வெப்பநிலை, 8 டிகிரி குறைந்துவிட்டது. உச்சியும் தாழ்ந்து அகன்றிருக்கிறது. குழாய்கள் சங்கிலிகளின் அசைவைத் தடுத்து அந்த வெப்பநிலையை உயர்த்தும் என்றுதான் படித்திருக்கிறேன். தவறு எங்கே?

பதில் – பிசின் வேதியியல் துறையிலிருந்து

குழாய்களைக் குற்றம் சொல்வதற்கு முன் உங்கள் ஒப்பீட்டைச் சரிசெய்ய வேண்டும். ஒரு தகடு அசிட்டோனைக் கண்டிருக்கிறது, மற்றொன்று காணவில்லை. ஆகவே நீங்கள் அளந்த 8 டிகிரியில் குழாயின் பங்கு எவ்வளவு, கரைப்பானின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரிதான் என்றாலும், பாகுபோன்ற பிசினுக்குள் சிக்கிய கடைசித் துளிகள் எளிதில் வெளியேறுவதில்லை. எஞ்சியது பிளாஸ்டிசைசராக நின்று சங்கிலிகளை இளக்கும். அதைவிடக் கவலைக்குரியது, அது கீட்டோன் என்பதால் ஹார்டனரின் முதல்நிலை அமீனோடு வினைபுரிந்து கீட்டிமீனாகி, சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பிணைப்புக்கு வேண்டிய அமீனைக் குறைத்துவிடக்கூடும். தூய எபாக்சியையும் அதே அளவு அசிட்டோன், அதே மீயொலி நேரம், அதே ஆவியாக்கல் வழியாகக் கொண்டுவந்து வார்த்துப் பாருங்கள்.

பதில் – கலவைப் பொருள் ஆய்வாளர்

விறைப்பு குறைவாகக் கூடியது வியப்பல்ல. எடையளவில் 0.5 விழுக்காடு என்பது கன அளவில் ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான். குழாயின் குணகத்தை 1000 கிகாபாஸ்கல் என்றே எடுத்துக்கொண்டு, எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடப்பதற்காக ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கணக்கிட்டால் 0.6 கிகாபாஸ்கல் கிடைக்கும். 3 கிகாபாஸ்கல் எபாக்சிக்கு அதுவே மிகத் தாராளமான மதிப்பீடு. குழாய்கள் வளைந்தும் திரண்டும் கிடப்பதாலும், பலசுவர்க் குழாயில் சுமையைப் பெரும்பாலும் வெளிச்சுவரே தாங்குவதாலும் உண்மையான உயர்வு இன்னும் சிறியதாகவே இருக்கும்.

மாணவி

மிக்க நன்றி. ஒப்பீட்டுத் தகட்டை மீண்டும் வார்க்கிறேன். அதுவரை, கையிலுள்ள தரவிலிருந்து எஞ்சிய கரைப்பானையும் பிணைப்புக் குறைவையும் வேறுபடுத்திப் பார்க்க முடியுமா?

பதில் – பிசின் வேதியியல் துறையிலிருந்து

ஓரளவு முடியும். நிலைமாற்றத்துக்கு மேலே சேமிப்புக் குணகம் சமதளமாகும் ரப்பர் பகுதியைப் பாருங்கள். அங்கே குணகம் குறுக்குப் பிணைப்பின் அடர்த்தியைப் பின்பற்றுகிறது. மேட்ரிக்ஸ் (குழாய்களைச் சூழ்ந்த பிசின்) மென்மையாகிவிட்ட அந்த நிலையில் குழாய்களின் வலுவூட்டல் கண்ணாடி நிலையைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்படியிருந்தும் உங்கள் கலவையின் சமதளம் தூய எபாக்சியின் சமதளத்துக்குக் கீழே இருந்தால், பிணைப்புக் குறைவு என்பது வலுவான ஊகம். அடுத்து, அதே மாதிரியை ஆறவிட்டு இரண்டாம் முறை சூடாக்குங்கள். உச்சி மேலே நகர்ந்தால், முதல் ஓட்டத்தில் கரைப்பான் வெளியேறியிருக்கிறது அல்லது கியூரிங் (பிசின் கெட்டியாகும் வினை) முழுமையடைந்திருக்கிறது. நகராவிட்டால் வலைப்பின்னலிலேயே குறை இருக்கிறது.

பதில் – கலவைப் பொருள் ஆய்வாளர்

உச்சி தாழ்ந்ததை அதிர்வு தணிப்பு குறைந்ததாக எழுதிவிடாதீர்கள். குழாய்க்கும் பிசினுக்கும் இடையே ஏற்படும் நழுவலால் ஆற்றல் விரயமாவது திரிபின் (மாதிரி எவ்வளவு உருமாறுகிறது என்பதன்) அளவைப் பொறுத்தது. சிறிய திரிபில் ஓட்டிய சோதனையில் அது வெளிப்படாமலே போகலாம். ஆகவே அறை வெப்பநிலையில் திரிபைப் படிப்படியாகக் கூட்டி ஒருமுறை ஓட்டுங்கள். உச்சி அகன்றிருப்பது, குழாய்த் திரள்களுக்கு அருகிலும் அப்பாலும் பிசின் வெவ்வேறு வெப்பநிலைகளில் இளகுவதைக் காட்டுவதாக இருக்கலாம். உடைந்த பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் திரள்கள் உள்ளனவா என்பது தெரிந்துவிடும்.