முப்பது நாள் கவிதைக்குத் தூண்டுகோல்கள் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஏப்ரல் மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு கவிதை எழுதும் வழக்கத்தை அமெரிக்கக் கவிஞர் மவுரீன் தார்சன் 2003-இல் தொடங்கினார். தக்கலையில் நாங்கள் ஐந்து பேர் வரும் ஏப்ரலில் அதைத் தமிழில் செய்யவிருக்கிறோம்; அன்றன்று எழுதத் தூண்டும் குறிப்புகளைத் திரட்டும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு தனியாக முயன்று பதினோராம் நாளில் நின்றுபோனேன். "மழை", "தாய்", "நிலா" என்ற ஒற்றைச் சொல் தலைப்புகள், ஏற்கெனவே ஆயிரம் முறை எழுதப்பட்ட வரிகளையே மனத்தில் கொண்டுவந்து நிறுத்தின. ஆனால் "தோவாளைச் சந்தையில் விற்காமல் எஞ்சிய பூ பேசுவதாக எழுதுங்கள்" என்று ஒரு நண்பர் சொன்ன அன்று மட்டும் பேனா நிற்கவேயில்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கமும், முந்தைய பாடலின் முடிவிலிருந்தே அடுத்ததைத் தொடங்கும் அந்தாதியும் நமக்குப் புதியவை அல்லவே. கட்டு இருந்தால்தான் கை ஓடுகிறது போலும்.

ஆகவே, குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுபவரின் தலைவிளக்கு, குளச்சல் கரையில் கரமடி வலை இழுப்பவர்களின் குரல் என, நீங்கள் கண்ட, கேட்ட ஒன்றோடு ஒரு வடிவக் கட்டுப்பாட்டையும் சேர்த்து, ஆளுக்கு இரண்டு குறிப்புகளேனும் அனுப்பி உதவ வேண்டுகிறேன். கன்னியாகுமரிச் சூரிய உதயம் மட்டும் வேண்டாம். எங்களிடம் அதைப் பற்றி ஏழு கவிதைகள் கிடக்கின்றன.

இன்னொரு ஐயம்: ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டு எழுதுவதா, விட்டுவிட்டுத் தொடர்வதா? முழு மாதத்தையும் முடித்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.