பழைய மர ஜன்னல மொத்தமா மாத்தணுமா, ரிப்பேர் பண்ணாலே போதுமா?

ஜன்னலோரம்:
வீட்ல மர ஜன்னல் எல்லாம் பழசாயிடுச்சு, மழை பெஞ்சா ரெண்டு ரூம்ல தண்ணி உள்ள வருது, மேற்குப் பக்க ரூம் சாயங்காலம் அடுப்பு மாதிரி கொதிக்குது. யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் ஃபிரேம்), அலுமினியம், அப்புறம் மரத்தையே சரி பண்ணித் தர்றேன்னு ஒரு ஆசாரி, மூணு பேரும் ரேட் குடுத்திருக்காங்க, எதை எதோட ஒப்பிடறதுன்னே புரியல. சொல்லுங்கப்பா.

வெள்ளைஃபிரேம்:
யோசிக்கவே வேணாம் ப்ரோ. கதவு மாதிரி திறக்குற யுபிவிசி கேஸ்மென்ட், நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு கண்ணாடி போட்ட டபுள் கிளாஸ், முடிஞ்சது. கரையான் அரிக்காது, பெயின்ட் வேணாம், மழைக்கு உப்பிக்கிட்டு கதவு சாத்த முடியாம நிக்காது. மரத்துக்கு வருஷா வருஷம் அழறதுக்கு ஒரே தடவை செலவு பண்ணிட்டுப் போங்க.

உளிச்சத்தம்:
ஆரம்பிச்சிட்டாரு 😄 ஏங்க, நிலை நல்லா இருக்கான்னு கூட கேக்காம இடிக்கச் சொல்றீங்களே? ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து நிலையோட கீழ்க்கட்டைய, முக்கியமா ரெண்டு மூலையில, குத்திப் பாருங்க. பொதபொதன்னு உள்ள இறங்கினா இத்துப்போச்சு, மாத்துங்க. இறங்கலன்னா சட்டத்த மட்டும் இழைச்சு, கீல் மாத்தி, ரப்பர் பீடிங் ஒட்டினாலே பாதி பிரச்சினை போயிடும். இன்னொண்ணு, அந்த புது ஜன்னல் கொட்டேஷன்ல பழசக் கழட்டுற கூலி, பூச்சு வேலை, மாடின்னா சாரம், கிரில்ல எடுத்து திரும்ப மாட்டுறது, கொசுவலை இதெல்லாம் இருக்கா? சதுர அடி ரேட்ட மட்டும் காட்டுவாங்க, பாக்கியெல்லாம் வேலை பாதியில நிக்கும்போதுதான் வெளிய வரும்.

வெள்ளைஃபிரேம்:
இடிக்கவே தேவையில்ல, பழைய நிலைக்குள்ளயே புது ஃபிரேம சொருகலாம், பூச்சு வேலையே வராது.

உளிச்சத்தம்:
சொருகலாம், நாலு பக்கமும் ஃபிரேம் தடிமன் உள்ள வந்து கண்ணாடி சுருங்கிடும், சின்ன ஜன்னல்னா வெளிச்சமே போச்சு. நிலை இத்துப்போயிருந்தா ஸ்க்ரூ எதுல பிடிக்கும்? அதையும் நீங்களே சொல்லுங்க.

கணக்குப்புலி:
ரெண்டு பேரும் அந்த மேற்கு ரூம விட்டுட்டீங்க. சாதா ஒத்தக் கண்ணாடிக்கு யு-வேல்யூ, அதான் எவ்வளவு சூட்டக் கடத்துதுங்கற அளவு, 5.8 பக்கம், நடுவுல 12 மிமீ காத்து விட்ட சாதா டபுள் கிளாஸுக்கு 2.8 பக்கம், அதாவது கண்ணாடி வழியா கடத்துற சூடு பாதியாகுது, சரி. ஆனா நேரா அடிக்கிற வெயில்? ஒத்தக் கண்ணாடி 100ல 80க்கு மேல உள்ள விடும்னா, டபுளும் 70 வரைக்கும் விட்டுடும். சாதா டபுள் கிளாஸுக்கு காசு குடுத்துட்டு சாயங்காலம் அதே வேர்வைதான். வெயில தடுக்குற கோட்டிங் இருக்குற லோ-ஈ கண்ணாடி கேளுங்க, இல்ல ஜன்னலுக்கு வெளிய நிழல் வைங்க. உள்ள திரை போட்டா வெயில் கண்ணாடியத் தாண்டி வந்தாச்சு, அப்புறம் பெருசா என்ன பிரயோஜனம்?

வெள்ளைஃபிரேம்:
ஏசி ஓடுற ரூமுக்கு டபுள் கிளாஸ் வேஸ்ட்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். சத்தமும் குறையும்ல?

கணக்குப்புலி:
வேஸ்ட்னு நான் எங்க சொன்னேன். சத்தத்துக்கு இடுக்கு அடைபடறதுதான் முதல் விஷயம். ஸ்லைடிங்ல பிரஷ் சீல்தான், ரப்பர அழுத்திச் சாத்துற கேஸ்மென்ட் அளவுக்கு அடைக்காது. ஒரு பேப்பர வெச்சு ஜன்னலச் சாத்திட்டு இழுத்துப் பாருங்க, லேசா வந்துட்டா அந்த வழியா காத்தும் சத்தமும் வரும். அடுத்தது லேமினேட்டட் கண்ணாடி, அதாவது நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வெச்சு ஒட்டினது. அலுமினியத்துல தெர்மல் பிரேக் (ஃபிரேமோட உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிரிக்கிற, சூட்ட அவ்வளவா கடத்தாத பட்டை) இல்லன்னா ஃபிரேமே சூட்டக் கடத்தும், ஆனா பெரிய ஓப்பனிங்குக்கு ஒல்லியா, ஸ்ட்ராங்கா நிக்கிறது அதுதான். யுபிவிசின்னா உள்ள ஸ்டீல் போடறாங்களா, என்ன தடிமன்னு எழுத்துல வாங்குங்க. கண்ணாடியும் ஸ்டீலும் கீலும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி எழுதச் சொன்னாத்தான் ரேட்ட ஒப்பிடவே முடியும்.

உளிச்சத்தம்:
முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்கய்யா. ஹோஸ் பைப்ப வெச்சு கீழேருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போங்க, உள்ள ஒருத்தர் நின்னு பாக்கணும்.

ஜன்னலோரம்:
பாத்துட்டேன். ஒரு ரூம்ல நிலைக்கும் செவுத்துக்கும் நடுவுல விரிசல், அங்கேருந்துதான் வருது, மரம் கல்லு மாதிரி இருக்கு. இன்னொண்ணுல கீழ்க்கட்டைக்குள்ள ஸ்க்ரூடிரைவர் பாதி போயிடுச்சு.

உளிச்சத்தம்:
முதல் ரூமுக்கு விரிசலச் சுத்தம் பண்ணி வெளிப்பக்கம் சீலன்ட் போடுங்க, போதும். அந்த விரிசலோட யுபிவிசி மாட்டியிருந்தாலும் தண்ணி வந்திருக்கும்.

வெள்ளைஃபிரேம்:
அப்போ அந்த இன்னொரு ரூமுக்கு நான் சொன்னதுதானே? 😎

உளிச்சத்தம்:
கட்டைய மட்டும் வெட்டிப் புதுசு சேக்கலாமான்னு ஆசாரிகிட்ட கேட்டீங்களா மொதல்ல?