43 இன்ச் 4கே டிவியில் கேபிள் படம் மங்கல், பழைய 32 இன்ச்சில் பளிச்: எங்கே கோளாறு?

தண்டை81
தண்டையார்பேட்டை. மாடியில பழைய 32 இன்ச் எச்.டி. ரெடி டிவி, கீழ புது 43 இன்ச் 4கே. ஒரே கேபிள் லைன், ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிச்சது. ரெண்டுக்கும் ஒரே மாடல் எச்.டி. பாக்ஸ், ரெண்டுமே எச்.டி.எம்.ஐ. ஒயர்தான். புது டிவியில இன்ஃபோ அழுத்தினா 1080ஐ, அதாவது எச்.டி.ன்னு காட்டுது. ஆனா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி, கீழ ஓடுற செய்தி எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு. அதே டிவியில யூட்யூப் கண்ணாடி மாதிரி இருக்கு. ராத்திரியில சில சேனல் கட்டம் கட்டமா உடையுது. லைன் பாக்கிற அண்ணன் "சிக்னல் வீக்கு, பாக்ஸ மாத்தணும்"ங்கறார். மாத்தவா, டி.டி.எச். போகவா?

பெரம்பூர்11
பாக்ஸோட வர்ற ஒயர் குப்பை ப்ரோ. தங்க முலாம் போட்ட எச்.டி.எம்.ஐ. 2.1 ஒயர் ஒண்ணு வாங்கிப் போடுங்க, படம் பிச்சுக்கும்.

ஒற்றியூரான்
காசை உள்ளே வைங்க. எச்.டி.எம்.ஐ. ஒயர் கெட்டுப்போனா வெள்ளைப் புள்ளி தெறிக்கும், திரை விட்டு விட்டுக் கருக்கும், 'நோ சிக்னல்' வரும். முகம் மெழுகு ஆகாது. டிஜிட்டல்ல சிக்னல் வீக்கானாலும் படம் மங்காது, உடையும், உறையும். ஆக உங்க வீட்ல ரெண்டு தனித்தனி நோய் இருக்கு. மங்கலுக்கு ஒரு மருந்து, கட்டத்துக்கு வேற மருந்து.

முதல்ல மங்கல். இன்ஃபோவில வர்ற 1080ஐ-யை நம்பாதீங்க. பாக்ஸ் வெளியே தள்ளுற அளவைத்தான் அது சொல்லுது. உள்ளே வர்ற சேனல் எஸ்.டி.யா (எச்.டி.யை விடப் புள்ளி குறைஞ்ச பழைய தரம்) இருந்தாலும் பாக்ஸ் அதை இழுத்து 1080 ஆக்கித்தான் அனுப்பும், டிவியும் அப்படியே காட்டும். ரெண்டு பாக்ஸ்லயும் அந்த சேனலோட நம்பரைப் பார்த்துச் சொல்லுங்க. லோகோ பக்கத்துல எச்.டி.ன்னு இருக்கா?

தண்டை81
அட, நம்பரே வேற அண்ணே. மாடியில எச்.டி. லோகோ இருக்கு. கீழ இல்ல. எச்.டி. நம்பரைப் போட்டா 'சந்தா இல்லை'ன்னு வருது.

ஒற்றியூரான்
அதான். ஒரே வீடா இருந்தாலும் ரெண்டாவது பாக்ஸுக்குப் பேக் தனி. கீழ எஸ்.டி. பேக் போட்டிருக்காங்க. பாக்ஸை மாத்தினாலும் பேக் அதேதான்னா படமும் அதேதான். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2017 கட்டண ஆணைப்படி ஒரே சேனலோட எஸ்.டி.யும் எச்.டி.யும் ஒரே தொகுப்புல இருக்கக்கூடாது. அதனால எச்.டி. தொகுப்பு எடுங்க, இல்லேன்னா பாக்குற நாலைஞ்சு சேனலை மட்டும் தனியா எச்.டி.யில கேளுங்க. எடுத்ததும் பழைய எஸ்.டி.யை நீக்கச் சொல்லுங்க, இல்லேன்னா ரெண்டுக்கும் சேர்த்துக் கட்டுவீங்க.

எஸ்.டி. படம் 720க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளி. உங்க 32 இன்ச் பேனல் பெரும்பாலும் 1366க்கு 768, பத்தரை லட்சம். ஒரு புள்ளியை ரெண்டரை ஆக்கினாப் போதும். 4கே-ன்னா 83 லட்சம் புள்ளி. ஒண்ணை இருபதாக்கணும். மீதி பத்தொன்பதை டிவி தானா யோசிச்சு நிரப்புது. இதுல திரைப் பரப்பும் ஏறக்குறைய 1.8 மடங்கு பெருசு. புது டிவி மோசமில்ல, கொடுத்த சரக்கைப் பூதக்கண்ணாடி வச்சுக் காட்டுது.

பெரம்பூர்11
சரி, ஒயர் வாபஸ். ஆனா எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு எதுக்கு வருது?

ஒற்றியூரான்
அது ஷார்ப்னஸ், ஓரத்தைக் கூராக்கிக் காட்டுற செட்டிங். பல டிவியில பிக்சர் செட்டிங் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி. ஆப்ல ஒண்ணு, எச்.டி.எம்.ஐ.யில இன்னொண்ணு. யூட்யூப் தப்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பாக்ஸ் ஓடும்போதே மெனுவுக்குள்ள போங்க:

பிக்சர் மோடை விவிட்ல இருந்து சினிமா இல்ல மூவிக்கு மாத்துங்க. முதல் ரெண்டு நாள் மஞ்சளா, மங்கலாத் தெரியும், கண்ணு பழகிடும். அப்புறம் எழுத்து ஓடுற சேனலை வச்சுக்கிட்டு, எழுத்தைச் சுத்தின வெள்ளைக் கோடு மறையுற வரைக்கும் ஷார்ப்னஸைக் குறைங்க. சில டிவியில 0தான் சமநிலை, சிலதுல 50. நம்பரைப் பாக்காம கோட்டைப் பாருங்க. நாய்ஸ் ரிடக்‌ஷனை (புள்ளி இரைச்சலைத் தேய்ச்சு மழுப்புற வசதி) எச்.டி.க்கு ஆஃப் பண்ணுங்க, மெழுகு முகத்துல பாதி அதோட வேலைதான். எஸ்.டி. பாக்கறப்ப மட்டும் 'லோ' போதும்.

மூலையில இருக்கிற சேனல் லோகோ வெட்டுப்படுதான்னு பாருங்க. வெட்டினா டிவி படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்தைத் தள்ளுதுன்னு அர்த்தம். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட், 1:1ன்னு கம்பெனிக்கு ஒரு பேர், அதைப் போடுங்க.

பாக்ஸ் மெனுவுல 50, 60ன்னு (நொடிக்கு எத்தனை தரம் படம் மாறணும்னு, ஹெர்ட்ஸ்ல) கேட்டா 50. நம்ம ஒளிபரப்பு 50தான். 60 வச்சா ஓடுற செய்தி வரி நொடிக்குப் பல தரம் தடுக்கிக்கிட்டு ஓடும். மங்கல்னு சொல்றவங்கள்ல சில பேருக்கு உண்மையில இந்தத் தடுக்கலா இருக்கலாம்.

டிவி மேலயே இன்னும் சந்தேகம்னா, போன்ல வெளிச்சத்துல 1080ல எடுத்த வீடியோவைப் பென்டிரைவ்ல போட்டு நேரா டிவியில ஓட்டுங்க. அது தெளிவா இருந்தா பேனல் சுத்தம்.

ராயபுரம்13
கட்டம் உடையறதுக்கு நான் சொல்றேன். சில சேனல் மட்டும் உடையுதுன்னா லைன்ல பாதி ஆட்கள் பாக்ஸைத்தான் குறை சொல்வாங்க. ஒயர்ல அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். அதனால மேல் அலைவரிசையில இருக்கிற சேனல் முதல்ல சாகும், கீழ இருக்கிறது நல்லா ஓடும். பாக்ஸ் மெனுவுல சிக்னல் பக்கத்தைத் திறந்து, உடையற சேனல்லயே குவாலிட்டியைக் காலையில ஒருதரம், ராத்திரி ஒருதரம் குறிச்சுக்குங்க.

அப்புறம் ஸ்ப்ளிட்டர். எத்தனை வழி? ரெண்டு வழின்னா ஒவ்வொரு பக்கமும் 3.5லேர்ந்து 4 டி.பி. (டெசிபல், சிக்னல் இழப்போட அளவு) போகும், நாலு வழின்னா 7, 8. ரெண்டு டிவிக்கு நாலு வழி மாட்டி ரெண்டு வாயைத் திறந்தே விட்டிருப்பாங்க.

அதைவிட முக்கியம் உப்புக்காத்து. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் மொட்டை மாடியில இருக்கிற எஃப் கனெக்டர் (கேபிள் ஒயர் முனையில மாட்டுற உலோக முனை) எதையாவது கழட்டிப் பாருங்க: உள்ளே பச்சை பூத்திருக்கும், பின்னல் கம்பி தொட்டா மாவா உதிரும். வெளிய பார்த்தா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும்.

தண்டை81
ஸ்ப்ளிட்டர் நாலு வழிதான், ரெண்டு வாய் காலி. மாடியில திறந்த வெளியிலதான் தொங்குது. கனெக்டர்ல நீங்க சொன்ன பச்சை.

ராயபுரம்13
ஒயரை ஒரு சாண் வெட்டுங்க. செம்பு பளிச்சுன்னு வர்ற வரைக்கும் வெட்டணும். உள்ளே கருத்திருந்தா இன்னும் வெட்டுங்க. ஆர்.ஜி. 6 வகை கேபிள் டிவி ஒயர், அமுக்கிப் பொருத்துற கனெக்டர் போடுங்க. திருகிப் போடுறது வேணாம். நடுக்கம்பி கனெக்டர் வாயை விட்டு ரெண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கணும், பின்னல்ல ஒரு இழைகூட அதைத் தொடக்கூடாது. ரெண்டு வழி ஸ்ப்ளிட்டர் போட்டு வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. ஒயர் உள்ளே நுழையற இடத்துக்கு முன்னாடி கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்க, மழைத்தண்ணி அங்கயே சொட்டிடும்.

ஆம்ப்ளிஃபயர் வைக்கச் சொன்னா இதெல்லாம் முடிச்ச பிறகு வைங்க. பச்சை பூத்த ஜாயின்டுக்கு அப்புறம் ஆம்ப் வச்சா இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும்.

டிவி எவ்வளவு உயரத்துல? பாய் போட்டு உக்காந்து பாக்கறீங்களா?

தண்டை81
கதவு உயரத்துக்கு மாட்டியிருக்கு. பாய்தான். எட்டடி தூரம்.

ராயபுரம்13
டிவித் திரை வி.ஏ. வகைப் பேனல்னா கீழயிருந்து பாக்கறப்ப கறுப்பு சாம்பலாகும், தோல் நிறம் வெளுக்கும். எழுந்து நின்னு பாருங்க. நிறம் திரும்பினா கோணம்தான் காரணம். சாய்க்கிற பிராக்கெட் போட்டு முகத்தைக் கீழ திருப்புங்க. ஐ.பி.எஸ்.ங்கிற இன்னொரு வகைப் பேனல்ல இந்தத் தொல்லை குறைவு, ஆனா விளக்கணைச்சா கறுப்பு அவ்வளவு ஆழமா இருக்காது.

ஒற்றியூரான்
எட்டடிக்கு 43 இன்ச்சில 1080க்கும் 4கே-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 1080ஓட புள்ளியே அஞ்சரை அடிக்கு மேல போனா கண்ணுல கலந்துடும். எஸ்.டி.க்கும் எச்.டி.க்கும் நல்லாவே தெரியும். அதனால '4கே பாக்ஸ்'னு யாராவது விக்க வந்தா வேணாம்னு சொல்லுங்க. டி.டி.எச்.சும் இப்ப வேணாம். ஐப்பசி கார்த்திகை மழையில டி.டி.எச். டிஷ் வாங்குற கு பேண்ட் அலை அடிக்கடி அறுபடும்.

தண்டை81
எச்.டி. பேக் போட்டாச்சு, நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப், ஷார்ப்னஸ் 50லேர்ந்து 10. ஓடுற எழுத்து சுத்தமா இருக்கு. ஸ்ப்ளிட்டர் மாத்தினதும் உடையற சேனல்ல குவாலிட்டி 41லேர்ந்து 78. ஒண்ணே ஒண்ணு: கிரிக்கெட்ல பந்து ஓடறப்ப ஓரத்துல சீப்புப் பல் மாதிரி தெரியுது.

ஒற்றியூரான்
அது இன்டர்லேஸ் கோடு. 1080ஐ-ல ஒற்றைப்படை வரியும் இரட்டைப்படை வரியும் மாறி மாறி வரும், அது சரியா கோக்கப்படல. பாக்ஸை 1080பி-ல (வரியெல்லாம் கோத்த முழுப்படம்) வச்சிருந்தா கோக்கிற வேலையைப் பாக்ஸே செய்யும், மலிவு பாக்ஸ் அதை அரைகுறையாத்தான் செய்யும். 1080ஐ-க்கு மாத்தி வேலையை டிவிகிட்ட விடுங்க. ஏற்கெனவே ஐ-ன்னா பி போட்டுப் பாருங்க. ரெண்டுலயும் வந்தா, டிவியில கேம் மோடு ஆன்ல இருக்கும். அதை ஆஃப் பண்ணுங்க.

தண்டை81
கேம் மோடுதான்! பையன் வேலை.