அயனி எஞ்சினில் உராய்வே இல்லையே, அப்புறம் எது தேய்கிறது?

நிலாப்பித்தன்:
நாசாவின் டான் விண்கலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 2007-ல் கிளம்பி வெஸ்டா என்ற சிறுகோளையும் செரெஸ் என்ற குறுங்கோளையும் சுற்றியதே, அதுதான். அதன் மூன்று அயனி எஞ்சின்களும் (செனான் வாயுவை மின்சாரத்தால் அயனியாக்கி, வேகமாக வெளியே பாய்ச்சி உந்துபவை) சேர்ந்து மொத்தம் 5.9 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. உள்ளே சுழலும் பாகம் இல்லை, பேரிங் இல்லை, தீ இல்லை, செனானோ எதனுடனும் சேராத வாயு. அப்படியிருந்தும் எங்கே பார்த்தாலும் அரிப்பு, ஆயுள் என்றே பேசுகிறார்கள். எதை எது அரிக்கிறது?

வெற்றிடவாசி:
வேதியியல் அரிப்பு இல்லைங்க, இது மோதல். செனான் கனமான அணு (நிறை 131). ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகி, நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் வேகத்தில் உலோகத்தில் வந்து இடித்தால் மேற்பரப்பு அணுக்களைப் பெயர்த்துவிடும். ஸ்பட்டரிங் என்பது இதுதான்.

இதில் வேடிக்கை, வேகமாக வெளியே பாயும் அயனிக் கற்றை பெரிய குற்றவாளி இல்லை. எஞ்சினின் வாயில் சல்லடை மாதிரி இரண்டு மாலிப்டினம் தகடுகள், நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. கற்றை ஓட்டைகளின் நடுவாக, தகட்டைத் தொடாமல் போய்விடும். ஆனால் அயனியாகாத செனானும் கொஞ்சம் கசிகிறது. பாய்ந்து போகும் அயனி அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டால், மெதுவான ஓர் அயனி அங்கேயே நின்றுவிடும். வெளித்தகடு எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதால் நேரே அதன்மேல் போய் விழும். நீண்ட நாள் ஓடிய தகட்டின் வெளிமுகத்தில் ஓட்டைகளுக்கு இடையே குழிகளும், அவற்றை இணைக்கும் பள்ளங்களும் அறுகோண வடிவில் விழுந்திருக்கும். ஓட்டையும் அகலமாகும். ரொம்ப அகலமானால் வெளியே உள்ள எலக்ட்ரான்கள் எஞ்சினுக்குள் திரும்பி ஓடிவரும். அதைத் தடுக்க எதிர்மின்னழுத்தத்தைக் கூட்டலாம், ஆனால் கூட்டினால் அடியும் பலமாகும்.

பழைய_பொறியாளர்:
மேலே சொன்னது சரி, ஆனால் கேத்தோடை, அதாவது எஞ்சினுக்குள் எலக்ட்ரான்களைத் தரும் மின்முனையை, விட்டுவிட்டீர்கள். டீப் ஸ்பேஸ் 1 என்ற விண்கலத்துக்காகச் செய்த உதிரி எஞ்சினை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் 2003 வரை 30,352 மணி நேரம் ஓட்டினார்கள், 235 கிலோ செனான் போனது. கேத்தோடுக்குக் கவசமாக முன்னால் இருந்த கீப்பர் தகடு முழுக்க அரித்துப்போய், கேத்தோடு வெளியே தெரிந்தது. எஞ்சின் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது! பெயர்ந்த உலோகமும் எங்கேயோ படியத்தானே வேண்டும், படிந்தது செதிலாக உரிந்து அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டினால் ஷார்ட்.

நிலாப்பித்தன்:
அப்போ தகடே இல்லாமல், காந்தப்புலத்தின் உதவியால் அயனிகளைப் பாய்ச்சும் இன்னொரு வகை எஞ்சினான ஹால் த்ரஸ்டர் தப்பித்துவிடுமா?

வெற்றிடவாசி:
இல்லை, அங்கே சுவர் தேயும். வளையம் போன்ற வாய்க்காலின் சுவர் போரான் நைட்ரைடு பீங்கான். ஓரமாகப் போகும் அயனிகள் அதன் விளிம்பை அரித்துக்கொண்டே வரும், கடைசியில் பின்னால் உள்ள காந்தத் துருவம் வெளிப்பட்டுவிடும். ஆனால் பிபிடி-4000 என்ற ஹால் எஞ்சினைச் சோதித்தபோது சுமார் 5,600 மணி நேரத்துக்குப் பிறகு சுவர் தேய்வது கிட்டத்தட்ட நின்றே போனது. யாரும் திட்டமிட்டதில்லை. சுவர் தேய்ந்து தேய்ந்து, காந்தப்புலக் கோடுகள் அதை ஒட்டியே வளைந்து போகும் வடிவத்துக்கு வந்திருக்கிறது என்று பிறகுதான் ஜேபிஎல் ஆட்கள் கணக்குப் போட்டு விளக்கினார்கள். அப்படி இருந்தால் சுவருக்குப் பக்கத்தில் எலக்ட்ரான்கள் சூடாவதில்லை, அயனிகளைச் சுவர் பக்கம் தள்ளும் மின்புலமும் இல்லை. இப்போது ஆரம்பத்திலேயே அந்த வடிவத்தில் செய்கிறார்கள், காந்தக் கேடயம் என்று பெயர். உடனே அடுத்த தலைவலி: துருவ முகப்பு அரிக்க ஆரம்பித்தது, அதற்கு கிராஃபைட் மூடி.

பழைய_பொறியாளர்:
ஒரு விஷயம், தரைச் சோதனை எண்களை அப்படியே நம்பாதீர்கள். கற்றை போய் முட்டும் சோதனை வெற்றிட அறையின் சுவரில் கிராஃபைட் பதித்திருப்பார்கள், அந்தக் கார்பன் பெயர்ந்து எஞ்சின்மேலேயே படிந்து அரிப்பைக் குறைத்துக் காட்டும். எவ்வளவு படிந்தது என்று அளந்து கழித்தால்தான் கணக்கு சரி. 2025 மார்ச்சில் இஸ்ரோ 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா த்ரஸ்டரை (இதுவும் ஹால் வகைதான்) 1,000 மணி நேரம் ஓட்டியதாக அறிவித்ததே, அதிலும் மின்முனைகளின் லைனர் (உள்ளுறை) எவ்வளவு அரித்தது என்பதை நடுநடுவே பார்த்திருக்கிறார்கள். மணி நேரத்தைவிட எனக்கு அந்த அளவுகள்தான் முக்கியம்.